கரும்புக்கு நடந்த கல்யாணம்

பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடி அக்கா பெண்ணையும் கூட்டிக்கொண்டு கோயம்பேடு சிறப்புச் சந்தைக்குப் போயிருந்தேன். லாரி லாரியாகக் கரும்பு வந்து இறங்கும் நேரம். இருபது கரும்புக் கட்டை அப்படியே வாங்கி அம்பத்தூருக்குக் கொண்டுவர வழி இல்லை. பேரம் பேசி ரெண்டே ரெண்டு கரும்பு வாங்கினோம். அதையும் பாதியாக வெட்டித்தான் ஆட்டோவில் ஏற்ற முடிந்தது.

அவள் பத்தாம் வகுப்பு. அறிவியலில் அப்போதுதான் தாவரங்களின் இனப்பெருக்கம் நடத்தியிருக்கிறார்கள் போல. ஆட்டோவில் வரும்போது திடீரென்று கேட்டாள்.

"மாமா, கரும்புக்கு விதையே கிடையாதா?"

"கிடையாது. துண்டு போட்டுத்தான் நடுவாங்க."

"அப்ப அதுக்கு அப்பா அம்மாவே இல்லையா?"

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான் சொன்ன முதல் பதிலே தப்பு என்பது வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டிய பிறகுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இருந்தது. இந்தக் கேள்விக்கான விடையைத் தேடித் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்த ஒரு அம்மா, நாங்கள் அன்றைக்கு ஆட்டோவில் போன இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், மதுரவாயலில்தான் தன் கடைசி நாட்களைக் கழித்திருக்கிறார். கரும்பு பற்றி ஆரம்பித்த இந்தப் பதிவு அந்த அம்மாவைப் பற்றியதும்தான். கொஞ்சம் நீளம், பொறுத்துக் கொள்ளவும்.

முதலில் கரும்பு.

கிராமத்துப் பக்கம் இருந்தவர்களுக்கு இது பாடமே இல்லை. நல்ல கரும்பாகப் பார்த்து, ரெண்டு மூணு பரு இருக்கிற மாதிரி துண்டு துண்டாக நறுக்குவார்கள். அதற்குப் பெயர் கரணை. பாரில் தண்ணீர் விட்டுக் கரணையைப் படுக்க வைத்து மிதித்துவிட்டால் பருவிலிருந்து முளை வரும். வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுபடி கிளம்பி வருவது மறுதாம்பு. கட்டைக் கரும்பு என்றும் சொல்வார்கள். இதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. தாய்க்கரும்பின் உடம்புதான் பிள்ளையாகவும் நிற்கிறது. அடர்ந்து நிற்கிற ஒரு பத்து ஏக்கர் தோட்டத்தைப் பார்த்தால் லட்சக்கணக்கான கரும்பு என்று நினைப்போம். மரபணுக் கணக்குப்படி அது ஒரே ஒரு கரும்புதான், லட்சம் இடத்தில் நிற்கிறது.

வாழையும் இப்படியே. "வாழையடி வாழையாக" என்று நாம் கல்யாணத்தில் வாழ்த்துகிறோமே, யோசித்துப் பார்த்தால் கல்யாணத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத வாழ்த்து அது. வாழைக்கன்று வர ரெண்டு பேர் தேவையே இல்லை! முருங்கைப் போத்து, மல்லிகைப் பதியன், கருணைக்கிழங்கு, வெற்றிலைக்கொடி எல்லாம் இதே ஜாதி. பூவிருந்தவல்லி என்று ஊருக்கே பூவின் பெயர் இருக்கிறது. ஆனால் தலையில் வைத்துக்கொள்கிற அடுக்கு மல்லி விதை போட்டு வளர்ந்ததாக யாராவது பார்த்திருக்கிறீர்களா? பூ என்பது செடியின் கல்யாண மண்டபம். அடுக்கு மல்லியில் மண்டபம் மட்டும் ஜோராக இருக்கும், கல்யாணம் நடக்காது.

நம் ஆட்களுக்குச் செடி கொடிகளில் ஆண் பெண் உண்டு என்பது தெரியாமல் இல்லை. ஆண் பனை, பெண் பனை என்று பிரித்துத்தானே கள் இறக்கினார்கள், நுங்கு வெட்டினார்கள். பனைக்குப் பழைய தமிழில் 'பெண்ணை' என்றே ஒரு பெயர். செய்யாறு பக்கம் திருவோத்தூரில் சம்பந்தர் பதிகம் பாடி ஆண் பனைகளைக் காய்க்க வைத்தார் என்பது தலபுராணம். காய்க்காத பனைக்குக் காரணம் அது ஆண் என்பதுதான் என்று ஊருக்கே தெரிந்திருந்தால்தான் அப்படி ஒரு கதை பிறக்க முடியும். பனையில் இவ்வளவு தெளிவாக இருந்தவர்கள் கரும்பை மட்டும் விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கரும்பு பூப்பதே ஊரைப் பொறுத்தது, பருவத்தைப் பொறுத்தது. பூத்தாலும் அந்த வெள்ளைக் குஞ்சத்தில் விதை என்று கண்ணுக்குப் படுகிற மாதிரி ஒன்றும் கிடையாது. பஞ்சோடு பஞ்சாக ஒட்டிக்கொண்டிருக்கும், தூசி மாதிரி. போதாக்குறைக்கு, பூத்த கரும்பு அதற்குமேல் வளராது, நாளாக ஆக உள்ளே நெட்டியாகிவிடும். விவசாயிக்கு அது சந்தோஷமான காட்சி அல்ல.

வெள்ளைக்காரர்களுக்கும் இதே கதைதான். கரும்பு விதை மூலம் முளைக்கும் என்பதை ஜாவாவில் சோல்ட்வெடெல் என்பவரும், பார்படோஸ் தீவில் ஹாரிசன், போவெல் என்ற ரெண்டு பேரும் 1880களின் கடைசியில்தான் நிறுவினார்கள். ஏன் அப்போது போய்த் தேடினார்கள் என்பதுதான் விஷயம். ஜாவாவில் கரும்பு நோயில் செத்துக்கொண்டிருந்தது.

துண்டு நடுகிற விவசாயத்தின் வசதி எதுவோ, அதுவேதான் அதன் ஆபத்தும். நல்ல ரகம் ஒன்று கிடைத்துவிட்டால் அது மாறவே மாறாது. இனிப்பும் அப்படியே, கணுவும் அப்படியே. நோய்க்கு இளிச்சவாயாக இருந்தால் அந்த குணமும் அப்படியே. ஒரு கரும்பைக் கொல்லத் தெரிந்த பூஞ்சைக்கு எல்லாக் கரும்பையும் கொல்லத் தெரியும். அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்குக்கு வந்ததும் இதே வியாதிக் கணக்குதான். கிழங்கைக் கீறி நட்ட ஒரே ரகம், ஒரு நோய், லட்சக்கணக்கில் மனித சாவு.

நம் சென்னை ராஜதானியில் இது கோதாவரி டெல்டாவில் நடந்தது. 1900ஐ ஒட்டிய வருஷங்களில் அங்கே செவ்வழுகல் நோய் கரும்பைத் தின்று தீர்த்தது. தண்டைப் பிளந்தால் உள்ளே சிவப்பாக, நடுவில் வெள்ளைத் திட்டு, புளித்த வாடை. கரணையோடேயே நோயும் அடுத்த வயலுக்குப் போகும். சாமல்கோட்டையில் ஒரு பண்ணை போட்டார்கள். அரசாங்கத் தாவரவியலாளர் சி.ஏ.பார்பர் அதில் இறங்கினார். வெளியூர் ரகங்களைக் கொண்டுவந்து நட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஆனால் அதுவும் துண்டுதான், இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு அதையும் நோய் கண்டுபிடித்துவிடும். புதுசாக ஒரு கரும்பு வேண்டுமென்றால் அதற்கு அப்பா அம்மா வேண்டும். பூ வேண்டும்.

1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் வந்தது இதற்காகத்தான். ஏன் கோயம்புத்தூர்? அங்கேதான் கரும்பு ஒழுங்காகப் பூக்கும், விதையும் பிடிக்கும். வட இந்தியாவில்தான் கரும்பு சாகுபடி அதிகம், ஆனால் அங்கே குளிரில் விதைக்கு வழி இல்லை. ஆக, பஞ்சாபுக்கும் ஐக்கிய மாகாணத்துக்கும் வேண்டிய கரும்புக்குக் கல்யாண மண்டபம் கொங்கு நாட்டில். இன்றைக்கும் நாட்டின் பல மூலைகளிலிருந்து வரும் ஆராய்ச்சிக்காரர்கள் பூக்கும் பருவத்தில் அங்கே வந்துதான் கலப்பு செய்துகொண்டு போகிறார்கள்.

பார்பரும் அவருடைய உதவியாளர் டி.எஸ்.வெங்கட்ராமனும் பார்த்த ஜோடிதான் இந்தக் கதையின் உச்சம். பெண் வீடு, 'வெள்ளை' என்கிற பருத்த இனிப்புக் கரும்பு. மாப்பிள்ளை, ஆற்றங்கரையில் நாணல் மாதிரி மண்டிக்கிடக்கும் பேய்க்கரும்பு. சாறும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ஆனால் வறட்சி, குளிர், நோய் எதற்கும் மசியாத முரட்டு ஜென்மம். யாராவது தெரிந்தே இப்படிச் சம்பந்தம் பண்ணுவார்களா? பண்ணினார்கள். அதில் பிறந்ததுதான் கோ 205. 1918இல் வெளிவந்தது. வட இந்திய வயல்களில் பென்சில் மொத்தத்தில் விளைந்துகொண்டிருந்த நாட்டுக் கரும்பை ஓரங்கட்டியது. 'கோ' என்றால் கோயம்புத்தூர்.

(பேய்க்கரும்பு என்றதும் பட்டினத்தார் ஞாபகம் வராமல் இருக்காது. கையில் பேய்க்கரும்போடு ஊர் ஊராகத் திரிந்தவர், அது எங்கே இனிக்கிறதோ அங்கே முக்தி என்று இருந்தவர், திருவொற்றியூரில் அது இனித்தது என்பார்கள். கோயம்புத்தூரில் அது இனித்த விதம் வேறு.)

கலப்பு செய்வது எப்படி என்று படித்தபோது எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. கரும்பின் ஒரு பூங்கொத்தில் ஆயிரக்கணக்கில் பூ. ஒவ்வொன்றிலும் ஆண் உறுப்பும் உண்டு, பெண் உறுப்பும் உண்டு. கத்தரியை வைத்து ஒவ்வொரு பூவிலும் மகரந்தப்பையை வெட்ட ஆரம்பித்தால் பொங்கல் வந்துவிடும். அதனால் மகரந்தம் சரியாக இல்லாத ரகமாகப் பார்த்துப் பெண்ணாக எடுத்துக்கொள்வார்கள். மாப்பிள்ளைப் பூங்கொத்தை அதற்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, வேறு மகரந்தம் வந்து குட்டையைக் குழப்பாதபடி துணிக்கூண்டு போட்டு மூடிவிடுவார்கள். அப்புறம் அந்தப் பஞ்சைச் சேகரித்து விதைத்தால் புல் மாதிரி முளைக்கும். ஆயிரம் முளைத்தால் ஆயிரமும் ஆயிரம் விதம். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்று சப்பென்று இருக்கும், ஒன்று கல் மாதிரி இருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷம் சலித்துச் சலித்து அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுத்த பிறகு? மறுபடி கரணைதான். அந்த ஒரு நாள் கல்யாணத்தோடு சரி. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் துண்டு போட்டு நடுவது.

அக்கா பெண்ணுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். "அப்ப ரெண்டுமேவா?" என்றாள். ஆமாம், ரெண்டுமே.

ஒரு சின்ன கணக்கு சொல்லிவிட்டு மதுரவாயலுக்கு வருகிறேன். பருத்த கரும்பில் குரோமோசோம் 80. கோயம்புத்தூர் பேய்க்கரும்பில் 64. பாதிக்குப் பாதி என்பதுதான் இயற்கையின் நியாயம், ஆக பிள்ளைக்கு 40ம் 32ம் சேர்ந்து 72 வரவேண்டும். கோ 205இல் எண்ணிப் பார்த்தால் 112! அம்மா தன் 80ஐயும் அப்படியே கொடுத்துவிட்டாள், அப்பா மட்டும் முறைப்படி பாதி, 32. ஜாவாவில் பிரெமர் என்ற டச்சுக்காரர் இந்த விசித்திரத்தை முதலில் கவனித்தார். இனிப்புக் கரும்பின் குணம் கலப்பில் கரைந்து போகாமல் நின்றதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கரும்பின் இந்தக் குளறுபடிகளையெல்லாம் நுண்ணோக்கியில் எண்ணிப் புரிந்துகொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. 1934இல் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர் இ.கே.ஜானகி அம்மாள்.

தலச்சேரியில் 1897இல் பிறந்தவர். அப்பா சென்னை ராஜதானியில் சப் ஜட்ஜ். பெரிய குடும்பம், தீயர் சமூகம். அம்மாவின் அப்பா ஒரு ஆங்கிலேய அதிகாரி. சகோதரிகளுக்கெல்லாம் வரன் பார்த்துக் கல்யாணம் நடந்துகொண்டிருந்தபோது இவர் படிக்கப் போகிறேன் என்று கிளம்பி மெட்ராஸ் வந்தார். ராணி மேரிக் கல்லூரி, பிறகு மாநிலக் கல்லூரி. பெண்கள் கிறித்துவக் கல்லூரியில் வாத்தியார் வேலை. அங்கிருந்து பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம். (இந்த பார்பர் வேறு, கரும்பு பார்பர் வேறு. நானும் குழம்பினேன்.) 1931இல் அங்கே டாக்டர் பட்டம். இந்தியப் பெண்களில் தாவரவியலில் அந்த உயரத்துக்குப் போன முதல் ஆட்களில் ஒருவர். கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கரும்புக்கும் கத்தரிக்கும்தான் செய்துவைத்தார்.

கோயம்புத்தூரில் வேலை என்னவென்றால், வேர் நுனியை எடுத்துப் பதப்படுத்தி, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து, செல் பிரிகிற அந்தத் தருணத்தில் குரோமோசோம்களை ஒன்று ரெண்டு என்று எண்ணுவது, படம் வரைவது. குச்சி குச்சியாக, ஒன்றன் மேல் ஒன்று விழுந்து கிடக்கும். அரிசியைக் கொட்டி எண்ணுகிற மாதிரிதான். பேய்க்கரும்பு ஊருக்கு ஊர் வேறுபடுவதை எண்ணிக் காட்டினார். 40இலிருந்து 128 வரை போகிறது இந்தப் புல்லின் கணக்கு என்பது பிற்பாடு எல்லோரும் சேர்ந்து கண்டது. பேய்க்கரும்பின் பூர்வீகத்தில் இந்தியாவுக்குப் பெரிய பங்கு என்று சொன்னவர்களில் இவர் முக்கியமானவர்.

அத்தோடு நிற்கவில்லை. வெங்கட்ராமன் ஏற்கெனவே கரும்பைச் சோளத்தோடும் மூங்கிலோடும் சேர்த்துப் பார்த்திருந்தார். ஜானகி அம்மாள் கரும்பை மக்காச்சோளத்தோடு சேர்த்தார். 1938இல் 'நேச்சர்' பத்திரிகையில் அந்தக் கலப்பைப் பற்றிய அவருடைய குறிப்பு வந்தது. மக்காச்சோளமும் கரும்பும் தூரத்து உறவுதான், ரெண்டும் புல் குடும்பம். ஆனாலும் ஒரு பேரினத்திலிருந்து இன்னொரு பேரினத்துக்குப் பெண் கொடுப்பது என்பது செடிகள் உலகில் சாதாரண சமாச்சாரம் இல்லை. இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் மலடாகப் போகும். குரோமோசோம்களுக்கு ஜோடி கிடைக்காது. அந்த மலட்டுத்தனம் எங்கிருந்து வருகிறது, அதை எப்படித் தாண்டுவது என்பதுதான் அவருடைய கேள்வி.

அலுவலகத்தில் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பெண், அதிலும் தனியாக இருக்கிற பெண், அதிலும் பிற்படுத்தப்பட்ட சமூகம். கலப்பை எல்லாரும் மெச்சுகிற இடத்தில் இதெல்லாம் எண்ணப்பட்டது என்பதுதான் வேடிக்கை. 1939இல் ஒரு மாநாட்டுக்காக பிரிட்டன் போனார், யுத்தம் வெடித்தது, அங்கேயே தங்கிவிட்டார்.

லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் வேலை. குண்டு விழுகிற ராத்திரிகளில் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்துவிட்டு, காலையில் அலமாரியில் சிதறிக்கிடக்கும் கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு எண்ணுகிற வேலையைத் தொடர்வாராம். சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தொகுத்த பயிர்ச்செடிகளின் குரோமோசோம் அட்லஸ் 1945இல் வந்தது. நாம் வளர்க்கிற செடி ஒவ்வொன்றுக்கும் எத்தனை குரோமோசோம் என்கிற அட்டவணை. படிக்க விறுவிறுப்பான புத்தகம் இல்லை, ஆனால் ஒரு தலைமுறைக்கே கையேடு.

பிறகு விஸ்லியில் உள்ள ராயல் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் சில வருஷம். அங்கே மக்னோலியா நாற்றுகளுக்கு கொல்சிசின் என்ற மருந்தைக் கொடுத்தார். அந்த மருந்து செல் பிரிவதைப் பாதியில் நிறுத்திவிடும், குரோமோசோம் ரெண்டு மடங்காகிவிடும். மலட்டுக் கலப்புக்கு இதுவே ஒரு வைத்தியம், ஜோடி இல்லாதவற்றுக்கு ஜோடி கிடைத்துவிடுகிறதல்லவா. இந்த கொல்சிசின் நம் செங்காந்தளிலும் இருக்கிறது. கண்வலிக்கிழங்கு என்று சொன்னால் திண்டுக்கல், மூலனூர்ப் பக்கம் உடனே புரியும். மருந்துக்காகவே பயிர் செய்கிறார்கள். அதே செடிதான் தமிழ்நாட்டின் மாநிலப் பூ. ஜானகி அம்மாள் பெயரிலேயே ஒரு மக்னோலியா ரகம் உண்டு. பெரிய வெள்ளைப் பூ, ஊதா நிறத்தில் மகரந்தத் தண்டு. அந்த ரகத்தைப் பெருக்குவதும் ஒட்டுக்கட்டித்தான். கல்யாணம் செய்துவைத்தவரின் பெயர் ஒட்டுச்செடியில் வாழ்கிறது.

1951இல் நேரு கூப்பிட்டுத் திரும்பி வந்தது, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைத்தது, அலகாபாத், ஜம்மு, கொஞ்ச நாள் பம்பாயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் என்று அவர் சுற்றிய கதையெல்லாம் எழுதினால் தனிப் பதிவு ஆகும். சாவித்ரி ப்ரீதா நாயர் ஆங்கிலத்தில் தடியாக ஒரு வாழ்க்கை வரலாறே எழுதியிருக்கிறார், கிடைத்தால் படியுங்கள். எனக்கு வேண்டியது 1970.

அந்த வருஷம் நவம்பரில் மெட்ராஸ் வந்தார். வயசு 73. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்தில் கௌரவ விஞ்ஞானி. மையம் ஊருக்குள்ளே இருந்தாலும் அவர் இருந்தது மதுரவாயலில், பல்கலைக்கழகத்தின் கள ஆய்வுக்கூடத்தில். அங்கே மூலிகைத் தோட்டம் போட்டார். நாட்டு வைத்தியச் செடிகள், பழங்குடி மக்கள் சாப்பிடுகிற கிழங்கு கீரை, இவற்றின் குரோமோசோம் கணக்கு. கூடவே ஏகப்பட்ட பூனைகள். பூனைக் குட்டிகளில் எது எதனிடமிருந்து என்ன நிறம் வாங்கியிருக்கிறது என்று பார்ப்பதும் அவருக்கு வேலைதானாம்.

அந்தக் காலத்து மதுரவாயலை இப்போதைய பிள்ளைகளுக்கு விளக்குவது கஷ்டம். பைபாஸ் மேம்பாலம் இல்லை, துறைமுகச் சாலைக்காக 2009இல் அடிக்கல் நாட்டி வருஷக்கணக்கில் மொட்டையாக நின்ற தூண்கள் இல்லை. எங்கப்பா எங்களைப் பூந்தமல்லிக்கு பஸ்ஸில் கூட்டிப் போவார், அங்கே அவருக்கு ஒரு சித்தப்பா. கோயம்பேடு தாண்டினால் ரெண்டு பக்கமும் வயல், கிணறு, நடுநடுவே செங்கல் சூளை. கூவம் ஆற்றில் மணல் தெரியும். ஜன்னலோரம் உட்கார்ந்து பனைமரம் எண்ணிக்கொண்டே போவேன். எண்பதுகளின் ஆரம்பத்தில் நாலைந்து தடவை அந்த வழியாகப் போயிருப்போம். அந்த வேலிக்குள்ளே மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு ஒரு பாட்டி நுண்ணோக்கியில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார் என்பது இப்போது நினைத்தால் என்னமோ செய்கிறது. நான் பனையை எண்ணினேன், அவர் வேறு எதையோ.

1977இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எண்பது வயசுக்கு மேல் கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக்கூடாது என்ற போராட்டத்திலும் சேர்ந்துகொண்டு, அந்தக் காட்டுச் செடிகளின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கத் திட்டம் போட்டார். அரசாங்கம் அணையைக் கைவிட்டது. அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984 நவம்பரில். அதற்கு ஒன்பது மாதம் முன்பே, பிப்ரவரியில், மதுரவாயலில் வேலை செய்துகொண்டிருந்த நாளிலேயே அவர் போய்விட்டார். வயசு 86.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். டீக்கடையில் ரெண்டு மூணு பேரிடம் விசாரித்தேன். பெயர் யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெரியவர் மட்டும் "யுனிவர்சிட்டி இடம் ஒண்ணு இருக்கு" என்று கையைக் காட்டினார். திரும்பும்போது கூவம் பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிப் பார்த்தேன். தண்ணீரே தெரியாமல் ஆகாயத்தாமரை. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி எங்கே பார்த்தாலும் இதே பச்சைப் பாய்தான்.

அதைப் பற்றியும் ஒரு வரி. ஆகாயத்தாமரையின் சொந்த ஊர் தென் அமெரிக்கா. அங்கே அதற்கு மூன்று விதமான பூ உண்டு, ஒரு விதத்துக்கு இன்னொரு விதத்தோடு சேர்வதுதான் முறை. பூ அழகாக இருக்கிறதே என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகம் முழுக்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். இந்தியாவில் முதலில் வங்காளத்தில் வந்து இறங்கி, அந்த மாகாணத்தையே மூச்சுமுட்ட வைத்தது. 1921இல் ஜகதீஷ் சந்திர போஸ் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள், 1936இல் சட்டமே கொண்டுவந்தார்கள். செடி அசரவில்லை. 2010இல் சீன, கனடா ஆராய்ச்சியாளர்கள் பல நாடுகளிலிருந்து செடி எடுத்து மரபணுவைப் பார்த்ததில், எடுத்த மாதிரிகளில் சுமார் எழுபது சதவீதம் ஒரே செடியின் நகல். கூட்டம் கூட்டமாக ஏரியை மூடுகிற அது, ஓடு தண்டு விட்டு விட்டுப் பெருகிய ஒற்றை ஆள். ஜோடியை அமேசானில் விட்டுவிட்டு வந்த ஆள்.

அது ஏன் நம் கரும்பு மாதிரி நோயில் சாகவில்லை என்று அக்கா பெண் கேட்டாள். நல்ல கேள்வி. அதன் எதிரிகளும் அமேசானிலேயே தங்கிவிட்டன, அதுதான் காரணம். 1980களின் ஆரம்பத்தில் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் அதைத் தின்கிற ஒரு கூன்வண்டை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து ஏரிகளில் விட்டது. சில ஏரிகளில் நன்றாகவே வேலை செய்தது. சாக்கடை வந்து கலக்கிற தண்ணீரில் செடி வண்டைவிட வேகமாக வளர்ந்துவிடுகிறது, அது வேறு கதை.

கரும்புக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2009இல் வந்த கோ 0238 என்ற ரகம், கோயம்புத்தூர் நிலையத்தின் கர்னால் கிளையில் பக்ஷி ராம் உருவாக்கியது, உத்தரப் பிரதேசத்தின் கரும்புப் பரப்பில் எண்பது சதவீதத்துக்கு மேல் பிடித்துக்கொண்டது. சர்க்கரை ஆலைக்காரர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். பத்து வருஷம். அப்புறம் அதே செவ்வழுகல் நோய் வந்து அதைப் பிடித்தது, பார்பர் காலத்தில் கோதாவரியில் பார்த்த அதே சிவப்பு, அதே புளித்த வாடை. விவசாயிகள் இப்போது ரகம் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். கோயம்புத்தூரில் மறுபடி பூ பார்க்கிறார்கள், ஜோடி பார்க்கிறார்கள்.

பொங்கலுக்கு வாங்கின ரெண்டு கரும்பில் ஒன்றை நாங்கள் கடித்துத் தீர்த்துவிட்டோம். இன்னொன்றில் அடிப்பக்கம் ரெண்டு கரணை நறுக்கி அக்கா பெண் மொட்டை மாடியில் பழைய பெயிண்ட் டப்பாவில் நட்டுவைத்தாள். பன்னீர்க் கரும்பு, குரோமோசோம் 80. ஒன்று அழுகிவிட்டது. இன்னொன்று ஒரு முழம் வந்திருக்கிறது. நவம்பர் வாக்கில் பூக்குமா என்று தினம் கேட்கிறாள். டப்பாவில் பூக்காது என்றுதான் நினைக்கிறேன், சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை தப்பாகச் சொல்லியிருக்கிறேன்.